ரோட்டரி இன்ஜின் ஏன் ஒரே இடத்தில் இருமுகிறது?

போன வாரம் ஒரு வாசகர் நீளமாக ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய மைத்துனருக்குத் தெரிந்த ஒருவர் தன் கராஜிலேயே இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டியிருக்கிறார். அதில் வைத்திருப்பது பழைய மஸ்டா காரிலிருந்து எடுத்த 13பி ரோட்டரி இன்ஜின். முழு த்ராட்டிலில் சீறிக்கொண்டு போகிறது, ஐடிலிலும் ஒரு குறையும் இல்லை, ஆனால் நடுவில் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போது மட்டும் இன்ஜின் இரண்டு மூன்று தடவை இருமுகிறதாம். பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் மாற்றியாச்சு, பம்ப் மாற்றியாச்சு, கம்ப்யூட்டரையே மாற்றியாச்சு. "எல்லாத்தையும் மாத்தியும் போகாத வியாதி என்ன சார்?" என்று கேட்டிருந்தார்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ரோட்டரி இன்ஜின் என்றதும் விமான வரலாறு படித்தவர்களுக்கு முதல் உலகப் போர் விமானங்கள் நினைவுக்கு வரும். பிரான்சின் நோம், லு ரோன் போன்ற அந்த இன்ஜின்களில் சிலிண்டர்கள் எல்லாம் புரொப்பெல்லரோடு சேர்ந்தே சுற்றும், உள்ளே ஊற்றுவது ஆமணக்கெண்ணெய். நாம் பேசப்போவது அது இல்லை. ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வான்கெல் வடிவமைத்து, என்எஸ்யூ நிறுவனத்தில் 1957-இல் முதன்முதலாக ஓடிய வான்கெல் வகை. இதில் பிஸ்டன் கிடையாது, வால்வும் கிடையாது. பக்கங்கள் கொஞ்சம் உப்பிய முக்கோணம் போல ஒரு ரோட்டர், இடுப்பு சிறுத்த முட்டை வடிவக் கூட்டுக்குள் சுழலும். பள்ளியில் படித்த அதே உறிஞ்சல், அமுக்கம், எரிதல், வெளியேற்றம் நான்கும் முக்கோணத்தின் மூன்று முகங்களிலும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். ரோட்டர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நடுவில் உள்ள ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றிவிடும்.

13பி-யில் இப்படி இரண்டு ரோட்டர், தலா 654 சிசி. முக்கியமாக அசையும் பாகங்கள் இரண்டு ரோட்டரும் ஒரு ஷாஃப்ட்டும் மட்டும்தான். வால்வு உடைந்து விழுமோ, கனெக்டிங் ராடு பிய்த்துக்கொண்டு போகுமோ என்ற பயம் இல்லை, சாதாரண பெட்ரோலிலேயே ஓடும். வீட்டில் விமானம் கட்டுகிறவர்களில் சிலர் இதன் மேல் உயிரையே வைத்திருப்பது அதனால்தான். 6,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6,000 சுற்றில், ஓடும் இன்ஜினை நேராகப் புரொப்பெல்லரில் பூட்ட முடியாது, நடுவில் ஒரு கியர் வைத்து வேகத்தைக் குறைக்க வேண்டும், அது தனிக் கதை.

சரி, இருமலுக்கு வருவோம்.

ஷாஃப்ட் 6,000 ஆர்பிஎம்மில் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 10 மில்லி விநாடி. சாதாரண நான்கு வீச்சு பிஸ்டன் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் காற்றை உறிஞ்சும், ஆகவே இன்ஜெக்டருக்கு 20 மில்லி விநாடி கிடைக்கும். ரோட்டரியில் ஒவ்வொரு ரோட்டரும் ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் உறிஞ்சுகிறது. அதே வேகத்தில் பாதி நேரம்தான். ஐடிலில் சொட்டுச் சொட்டாக நிதானமாகக் கொடுக்கவும் வேண்டும், முழு த்ராட்டிலில் இந்தப் பத்து மில்லி விநாடிக்குள் தேவையான அத்தனையையும் கொட்டவும் வேண்டும் என்றால் ஒரே இன்ஜெக்டர் இரண்டுக்கும் சரிப்படாது. அதனால்தான் 1986-க்குப் பிந்தைய மஸ்டா ஆர்எக்ஸ்-7 கார்களின் 13பி-யில் ரோட்டருக்கு இரண்டாக மொத்தம் நான்கு இன்ஜெக்டர்கள். ஒன்று முதல் இன்ஜெக்டர், காற்று உள்ளே நுழையும் துளைக்குப் பக்கத்திலேயே இருக்கும், எப்போதும் வேலை செய்யும். மற்றது இரண்டாம் இன்ஜெக்டர், காற்று வரும் குழாயில் இன்னும் மேலே இருக்கும், பளு கூடும்போது மட்டும் இசியூ, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், அதை எழுப்பும். இந்தக் கைமாற்றம் நடக்கும் இடம்தான் நம் நண்பரின் விமானம் இருமுகிற இடம் என்பது என் கணிப்பு.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஒரு பழைய இன்ஜெக்டரைக் கையில் எடுத்துக்கொண்டு ஒன்பது வோல்ட் பேட்டரியால் அதன் இரண்டு முனைகளையும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் விரலில் தெரியும். உள்ளே ஒரு கம்பிச்சுருள், ஒரு ஸ்பிரிங், ஒரு ஊசி. கரண்ட் பாய்ந்ததும் சுருள் காந்தமாகி ஊசியை இழுக்கும், பெட்ரோல் பீய்ச்சும். கேட்க உடனே நடப்பது போல இருக்கும், ஆனால் அப்படி இல்லை. சுருளில் கரண்ட் சட்டென்று ஏறாது, மெதுவாகத்தான் ஏறும், அந்தக் காந்தம் ஸ்பிரிங்கையும் பெட்ரோலின் அழுத்தத்தையும் ஜெயிக்கிற அளவுக்கு வலுக்கிற வரை ஊசி அசையவே அசையாது. கரண்டை நிறுத்தினாலும் மூட ஒரு சிறு தாமதம் உண்டு. திறக்கும் தாமதத்தில் மூடும் தாமதத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் டெட் டைம். இசியூ 'திற' என்று சொல்லிக்கொண்டிருந்தும் பெட்ரோல் வராத நேரம். சார்ஜ் நன்றாக இருக்கும்போது பல இன்ஜெக்டர்களுக்கு இது ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி.

ஒரு மில்லி விநாடிக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரோட்டருக்கு அந்த இடத்தில் 6 மில்லி விநாடி அளவு பெட்ரோல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விமானத்தைக் கட்டியவர் இசியூவில் டெட் டைம் என்ற கட்டத்தில் எதுவும் போடாமல், ஓட்டிப் பார்த்து ஓட்டிப் பார்த்து, 7 என்று வைத்தால் இன்ஜின் அருமையாக ஓடுவதைக் கண்டுபிடித்து இசியூவின் பெட்ரோல் அட்டவணையில் எழுதிவிடுகிறார். தவறே இல்லை, ஏழில் ஒன்று டெட் டைமுக்குப் போகிறது, ஆறு பெட்ரோலாகிறது. இப்போது த்ராட்டில் கொஞ்சம் கூடுகிறது. இசியூ இரண்டாம் இன்ஜெக்டரையும் எழுப்பி, ஏழைச் சரிபாதியாகப் பிரித்து ஆளுக்கு மூன்றரை கொடுக்கிறது. ஆனால் டெட் டைம் பாதியாகாது! ஒவ்வொரு இன்ஜெக்டரும் தனித்தனியாக ஒரு மில்லி விநாடியை விழுங்கும். மூன்றரையில் ஒன்று போனால் இரண்டரை, இரண்டும் சேர்ந்து ஐந்து. ஆறு வர வேண்டிய இடத்தில் ஐந்துதான் வருகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.5 பங்கு காற்று என்று நல்ல சக்தியோடு ஓடிக்கொண்டிருந்த கலவை ஒரே தாவலில் 15-க்குப் போய்விடுகிறது. கூட்டல் கழித்தல் சின்னக் குழந்தை போடுகிற கணக்கு, ஆனால் அதற்குள் ஒரு விமானம் வானத்தில் இருமுகிறது. இதை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பாகத்தை மாற்றி ஏன் பயனில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. இன்ஜெக்டர் நல்ல இன்ஜெக்டர், பம்ப் நல்ல பம்ப். புதுக் கம்ப்யூட்டரிலும் பழைய அட்டவணையைத்தானே ஏற்றியிருப்பார்? குறைந்த பளுவில் ஓடும்போது பிழை அந்த ஏழுக்குள் ஒளிந்துகொள்கிறது, கைமாறும் இடத்தில்தான் வெளியே வருகிறது.

இன்னொன்றும் உண்டு. சுருளில் கரண்ட் ஏறும் வேகம் வோல்டேஜைப் பொறுத்தது. ஆல்டர்னேட்டர் வேலை செய்யும்போது 14 வோல்ட் இருக்கும், அது நின்று போய்ப் பேட்டரியும் தளர்ந்தால் 11-க்கு இறங்கிவிடும். அப்போது டெட் டைம் ஒன்றிலிருந்து, சும்மா ஒரு உதாரணத்துக்கு, 1.6 ஆகிறது என்று வையுங்கள். மூன்றரையில் 1.6 போனால் 1.9, இரண்டுக்கும் சேர்த்து 3.8. கலவை இருபதை நெருங்கிவிடும், அதில் இன்ஜின் ஒழுங்காக எரியாது. விமானி பார்ப்பது 'இன்ஜின் சக்தி போய்விட்டது' என்பதை, உண்மையில் போனது ஆல்டர்னேட்டர் பெல்ட். அதனால்தான் நல்ல இசியூ எல்லாவற்றிலும் வோல்டேஜுக்கு ஏற்ப டெட் டைம் எவ்வளவு என்று தனியாக ஒரு அட்டவணை இருக்கும். அதை நிரப்பாமல் விட்டுவிட்டுப் பெரிய பெட்ரோல் அட்டவணையோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

கைமாறும் இடத்தில் வேறு இரண்டு காரணங்களும் உண்டு. இரண்டாம் இன்ஜெக்டர் தூரத்தில் இருப்பதால் அது முதலில் பீய்ச்சுகிற பெட்ரோல் குழாய்ச் சுவரை நனைக்கத்தான் போகும், காய்ந்த மண்ணில் வாய்க்கால் திறந்தால் முதல் தண்ணீர் வயலுக்கு வராமல் வாய்க்காலே குடித்துவிடுவது போல. இந்த இருமல் ஓரிரு விநாடியில் தானாக அடங்கும். மற்றது, கைமாறும் அளவும் திரும்பும் அளவும் ஒன்றாகவே வைத்திருந்தால், உறிஞ்சு குழாயின் அழுத்தம் லேசாக ஆடும்போதெல்லாம் இரண்டாம் இன்ஜெக்டர் எழுவதும் தூங்குவதுமாக இருக்கும். ஏறும்போது ஒரு அளவு, இறங்கும்போது அதைவிடக் கொஞ்சம் குறைந்த அளவு என்று இடைவெளி விட்டால் அது நின்றுவிடும்.

இங்கே பலரும் போய் விழும் ஒரு பொறியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புகைபோக்கியில் ஆக்சிஜன் சென்சார் வைத்திருப்பவர்கள் அது 'பெட்ரோல் குறைவு' என்று காட்டினால் அப்படியே நம்பி பெட்ரோலைக் கூட்டிவிடுகிறார்கள். அந்த சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை, மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கிறது. ஸ்பார்க் பிளக் ஒரு தடவை பற்றவைக்கத் தவறினால் எரியாத பெட்ரோலும் எரியாத ஆக்சிஜனும் சேர்ந்தே வெளியே போகும், சென்சார் கண்ணுக்கு ஆக்சிஜன் மட்டும் தெரியும். குறை இக்னிஷனில், பழி பெட்ரோல் மேல். பெட்ரோலைக் கூட்டினால் பிளக் இன்னும் நனையும், வியாதி முற்றும். ரோட்டருக்கு இரண்டு பிளக் இருப்பதால் ஒவ்வொன்றையும் தனியாக அணைத்துப் பார்த்து முதலில் இக்னிஷனைத் தீர்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். புகை வெப்பமானியும் ரோட்டருக்கு ஒன்றாக இருக்கட்டும். ஒன்று மட்டும் மாறினால் அந்த ரோட்டரின் இன்ஜெக்டரையோ பிளக்கையோ பாருங்கள், இரண்டும் சேர்ந்து மாறினால் பொதுவானதைப் பாருங்கள்: பெட்ரோல் அழுத்தம், உறிஞ்சு குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் ரப்பர் குழாய், வோல்டேஜ், எர்த். ஃபைபர் கிளாஸ் விமானமாக இருந்தால் எர்த்தை இரண்டு தடவை பாருங்கள், காரில் இருப்பது போல இரும்பு உடம்பு அதில் கிடையாது, ஒவ்வொரு எர்த்துக்கும் கம்பி இழுத்தாக வேண்டும்.

என் பழைய காரில் ஒருமுறை இப்படித்தான் பம்பை மாற்றினோம், சரியாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து அதே வியாதி. கடைசியில் பார்த்தால் எர்த் கம்பி துருப்பிடித்திருந்தது. பம்ப் மாற்றும்போது கை பட்டு அது கொஞ்சம் நன்றாகத் தொட்டிருக்கிறது, அவ்வளவுதான். பாகத்தை மாற்றினோம், சரியானது, ஆகவே பாகம்தான் கெட்டிருந்தது என்று நினைப்பதைத்தான் நான் மூடநம்பிக்கை என்கிறேன். பூனை குறுக்கே போனதால் காரியம் கெட்டது என்பதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. காரென்றால் ரோட்டோரம் நிற்கும். ஆயிரம் அடி உயரத்தில் ரோட்டோரம் கிடையாது.

இப்படிக் குருட்டுத்தனமாக மாற்றாமல் காரணத்தைத் தேடியவர்களும் உண்டு. ஹிரோஷிமாவில் மஸ்டா, அன்றைய பெயர் டோயோ கோக்யோ, 1961-இல் என்எஸ்யூவிடம் உரிமம் வாங்கியபோது அந்த இன்ஜினின் கூட்டுச் சுவரில் அலை அலையாகக் கீறல் விழுந்தது. 'சாத்தானின் நகக்கீறல்' என்று பெயரே வைத்தார்கள். பெயர்தான் அப்படி, வேலை அப்படி இல்லை. கெனிச்சி யமமோட்டோவின் குழு ரோட்டர் முனையில் இருக்கும் சீல் எந்த அதிர்வெண்ணில் நடுங்குகிறது என்று ஆராய்ந்தது, சீலின் வடிவத்தை மாற்றிப் பார்த்தது, கடைசியில் அலுமினியம் ஊட்டிய கார்பன் சீலில் வழி கண்டது. 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் கார் வெளியே வந்தது. உரிமம் வாங்கி ஆறு வருஷம். ஒரு கீறலுக்கு அவ்வளவு காலம் சம்பளம் கொடுத்துக் காத்திருந்த நிர்வாகம் அது. ஒரு வருஷத்தில் முடிவு காட்டு, இல்லையேல் பணம் நிற்கும் என்று சொல்லும் ஆராய்ச்சி நிதியில் இப்படிப்பட்ட வேலை நடக்கவே நடக்காது என்பது என் உறுதியான கருத்து.

இனி வாசகரின் மைத்துனர் அந்த நண்பருக்குச் சொல்ல வேண்டியது. பறக்க வேண்டாம். விமானத்தைத் தரையில் வால் பக்கம் நன்றாகக் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, புரொப்பெல்லர் பக்கம் ஒருவரும் வராமல் பார்த்துக்கொண்டு, த்ராட்டிலை அந்த இருமும் இடத்துக்குச் சற்று மேலே கொண்டுபோய் அப்படியே பிடிக்கட்டும். ஓரிரு விநாடியில் அடங்கினால் சுவர் நனைவது. விட்டு விட்டு வந்தால் ஏறும் அளவுக்கும் இறங்கும் அளவுக்கும் இடைவெளி போதவில்லை. பிடித்திருக்கும் வரை இருமிக்கொண்டே இருந்தால், இசியூவின் முனையிலேயே வோல்ட்மீட்டரை வைத்துவிட்டு ஆல்டர்னேட்டரை அணைத்துப் பார்க்கட்டும். வோல்டேஜ் இறங்க இறங்க இருமல் கூடினால் அது டெட் டைம். இருமல் கூடவில்லை என்றால் நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி, ஒரே அழுத்தத்தில், நான்கு அளவுக் குடுவைகளில் ஒரு நிமிடம் பீய்ச்சி, எது எவ்வளவு என்று எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.