காவடிக்கு முன்னால் மாத்திரையை நிறுத்தலாமா, சிஸ்டர்?

தைப்பூசம் நெருங்கினால் எங்கள் கிளினிக்கில் இந்தக் கேள்வி வந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் மனநலச் செவிலியராக இருக்கிறேன். கேட்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பதில் சொல்லி அனுப்பிவிடலாம். கேட்காமலே நிறுத்துகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு மூன்று குடும்பங்களின் கதையைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். பையனுக்கு இருபத்தாறு வயது. மனச்சிதைவு நோய். யாரும் இல்லாத இடத்தில் தன்னைப் பற்றிப் பேசும் குரல்கள் கேட்கும். சோற்றில் யாரோ ஏதோ கலக்கிறார்கள் என்று ஆறு மாதம் அரை வயிற்றோடு கிடந்தவன். ரிஸ்பெரிடோன் மாத்திரை ஆரம்பித்த முதல் வாரத்திலேயே தூக்கம் வந்தது. குரல்கள் அடங்க ஒன்றரை மாதம் பிடித்தது. அப்புறம் எட்டு மாதம் நன்றாக இருந்தான், வேலைக்கும் போனான். குணமானால் காவடி எடுப்பதாக அம்மா நேர்ந்திருந்தார். கொடியேற்றத்தன்று மாத்திரையை நிறுத்தினார்கள். "முருகன் பாத்துக்குவான், மாத்திரை எதுக்கு?" என்றாராம் பாட்டி. காவடி நல்லபடியாக நடந்தது. ஒன்றும் ஆகவில்லையே என்று வீட்டில் எல்லோருக்கும் தெம்பு வந்துவிட்டது. மாத்திரை அப்படியே நின்றுபோனது.

ஏப்ரலில் அம்மா ஒரு ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்து நின்றார். டப்பா நிறையப் பிரிக்காத மாத்திரை அட்டைகள். பையன் மூன்று நாளாக அறைக்கதவைத் திறக்கவில்லை.

நிறுத்திய மறுநாளே நோய் திரும்பினால் எல்லோருக்கும் புரிந்துவிடும். இது அப்படித் திரும்புவதில்லை. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் சத்தமே இல்லாமல் இருக்கும். அந்த இடைவெளிதான் ஆளை ஏமாற்றுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய தொகுப்பு 2012இல் வந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் நூற்றுக்கு 27 பேர். மருந்தை விட்டவர்களில் 64 பேர். தொடர்ந்தாலும் 27 பேருக்குத் திரும்பியது என்பதையும் நான் மறைப்பதில்லை. மறைத்தால், அப்படித் திரும்பும் நாளில் நம் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள்.

மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் சில இடங்களில் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. குரல்களுக்கும் சந்தேகங்களுக்கும் அது ஒரு முக்கியக் காரணம். டோபமைன் போய் ஒட்டவேண்டிய இடத்தை மருந்து மறித்து உட்கார்ந்துகொள்கிறது. 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து இன்றுவரை வந்த ஏறக்குறைய எல்லா மருந்துகளுக்கும் இதுதான் அடிப்படை. நோயை வேரோடு பிடுங்குவதில்லை, மறித்து நிற்கிறது. எழுந்துபோனால் வழி திறந்துவிடும்.

சரி, விரதத்துக்கு வருவோம். ரிஸ்பெரிடோன், ஓலன்சபைன் இரண்டையும் வெறும் வயிற்றிலும் போடலாம், சாப்பிட்ட பிறகும் போடலாம். ஒருவேளைச் சாப்பாடு என்றால் இரவில் ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொண்டால் முடிந்தது. "உறையில் ஜெலட்டின் இருக்குமே, அது மாட்டிலிருந்து வருவதாச்சே" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அது காப்சூலுக்குத்தான். இந்த இரண்டும் பெரும்பாலும் மாத்திரையாகவே வருகின்றன. மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

எனக்கு உண்மையான பயம் வேறு. தைப்பூசம் இங்கே நடுக்கோடையில் வருகிறது. இந்த மருந்துகளில் பலவும் உடம்பு தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றவும் வைக்கும். தண்ணீர்கூடக் குடிக்காமல், வெறுங்காலோடு, பகல் வெயிலில் காவடி தூக்கினால் ஆள் விழுந்துவிடலாம். மாத்திரையை விடவேண்டாம். தண்ணீர் குடிக்கலாமா என்று பூசாரியிடம் கேளுங்கள். நான் பார்த்தவரையில் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

மருந்தை விடுகிறவர்கள் எல்லோரும் பக்தியால் விடுவதில்லை. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் உள்ளே ஒரு பரபரப்பு, கை நடுக்கம், உடம்பு விறைப்பு, ஏறிக்கொண்டே போகும் எடை. ஓலன்சபைன் பசியைக் கிளப்பிவிடும். சர்க்கரை நோய் இல்லாத வீடு நம்மிடையே குறைவு, அதில் இதுவும் சேர்கிறது. ஆண்களுக்குத் தாம்பத்தியச் சிக்கல் வரும், அதை அவர்கள் சொல்லமாட்டார்கள், நாமும் கேட்பதில்லை. இதில் குற்றம் பாதி எங்கள் மேல். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், நடுக்கத்துக்கு வேறு மாத்திரை சேர்க்கலாம். ஆனால் சொன்னால்தானே செய்யமுடியும்?

தினமும் விழுங்குவது முடியாதவர்களுக்கு ஊசி இருக்கிறது. ஃபுளுபென்திக்ஸால், சுக்ளோபென்திக்ஸால் போன்ற மருந்துகளை எண்ணெயில் கரைத்து இடுப்புத் தசையில் போடுவோம். கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கும். பெரும்பாலோருக்கு நான்கு வாரத்துக்கு ஒன்று போதும். இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், போதிய வாரங்கள் கொடுத்தும் கேட்கவில்லை என்றால் குளோசபைன். வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை உண்டு. அதைப் போடுகிறவர் சிகரெட்டைத் திடீரென்று விடுவதாக இருந்தால் முதலில் எங்களிடம் சொல்லவேண்டும். புகை நின்றால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். விரதத்துக்காகப் புகையை விடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

அந்தப் பையனுக்கு மருத்துவமனையில் ஐந்து வாரம் ஆனது. இப்போது ஊசி. இந்த வருடம் மறுபடியும் காவடி எடுக்கிறான், பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு சித்தப்பா மகன் நடப்பான். கொடியேற்றமும் ஊசி நாளும் ஒரே தேதியில் விழுந்திருக்கின்றன. "காலையில ஊசி, சாயங்காலம் கோயில்" என்று கிளினிக் கார்டின் பின்பக்கத்தில் அம்மா எழுதிக்கொண்டார்.