முகர்திறன் சோதனையா, நுகர்வுச் சோதனையா?

பிள்ளைகளின் முகரும் உணர்வைச் சோதிப்பது பற்றிப் பெற்றோருக்காக எழுதிய குறிப்பு ஒன்றை அண்மையில் படித்தேன். தலைப்பு: 'சிறுவர், வளரிளம் பருவத்தினருக்கான நுகர்வுச் சோதனை'. கொரோனாக் காலச் செய்திகளிலேயே இந்த 'நுகர்வு' கண்ணை உறுத்தியது. இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

மூலம் எளியது. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஆல்ஃபாக்டரி' லத்தீன் வழி வந்த சொல். 'ஒலேரே' என்றால் மணத்தல், 'ஃபாகெரே' என்றால் செய்தல். இரண்டும் சேர்ந்து முகர்தலைக் குறித்தன.

'நுகர்' நல்ல பழந்தமிழ்ச் சொல்தான். ஆனால் அது ஐம்புலன்களாலும் துய்ப்பதைச் சொல்வது. மூக்குக்கு மட்டும் எழுதிவைத்த சொல் அல்ல. இன்று பொருள் வாங்குகிறவர் நுகர்வோர், மின்சாரம் செலவாவது மின்நுகர்வு. அப்புறம் 'உங்கள் மகளுக்கு நுகர்வு குறைவு' என்று எழுதினால் தாய் என்ன நினைப்பார்? பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை என்றுதான். அகராதியில் பொருள் இருக்கிறது என்பது போதாது. படிப்பவர் மனத்தில் முதலில் எது எழுகிறது என்று பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியோடு நின்றுவிடுகிறார்கள், எனக்கு அதில்தான் கோபம்.

சோதனை நடக்கும் விதத்தைப் பாருங்கள். மணம் ஊட்டிய பேனா போன்ற குச்சியை மூக்கருகே நீட்டி, நான்கு படங்களைக் காட்டி, எது என்று கேட்பார்கள். அப்போது பிள்ளையிடம் 'மோந்து பார்' என்றுதானே சொல்வோம்? 'நுகர்ந்து பார்' என்றால் பிள்ளை விழிக்கும்.

சிலர் 'வாசனைப் பரிசோதனை' என்கிறார்கள். சோதிப்பது வாசனையை அல்ல, பிள்ளையின் திறனை. குச்சிகளில் ரோஜா மட்டுமா, மீனும் டர்பன்டைனும் உண்டு. 'நாற்றம்' என்ற சொல்லைத் திருக்குறள் 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்று பொதுவாகத்தான் ஆள்கிறது. இன்று அது கெட்ட வாடையாகிவிட்டது. 'மோப்பக் குழையும் அனிச்சம்' என்ற அழகான மோப்பத்தையும் நாய்க்குக் கொடுத்துவிட்டோம். மிஞ்சுவது 'முகர்'. அதற்கு வேறு வேலை ஒட்டவில்லை, படித்தவுடன் மூக்கு நினைவுக்கு வருகிறது. எனவே முகர்திறன் சோதனை.

அதன் உட்பிரிவுகளிலும் இதே குழப்பம். எவ்வளவு மெல்லிய மணம்வரை தெரிகிறது என்பது முகர்வெல்லை. இரண்டு மணங்கள் வேறு வேறு என்று அறிவது பிரித்தறிதல். இதைப் 'பாகுபாடு' என்று எழுதியதைப் பார்த்து நொந்துபோனேன். பெயர் சொல்வது இனங்காணல். பிள்ளைகளுக்கு இதில்தான் கவனம் தேவை. டர்பன்டைனை அறியாத ஆறு வயதுப் பிள்ளை தவறாகச் சொன்னால் குறை மூக்கில் இல்லை, அது பழகாத மணம். அதனால்தான் சிறுவர் சோதனைகளில் அவர்களுக்குத் தெரிந்த மணங்களையே வைக்கிறார்கள்.

வளரிளம் பருவத்தில் இந்தச் சோதனைக்கு இன்னொரு தேவையும் உண்டு. பருவமாற்றம் தாமதமாகும் சிலரிடம் முகர்திறனும் இல்லாமல் இருக்கும். அது கால்மன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடாக இருக்கலாம். பிறவியிலேயே மணம் அறியாதவர்களில் பலருக்குத் தங்களிடம் ஒன்று குறைவது தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. அந்தப் பெற்றோர் கையில்தான் 'நுகர்வுச் சோதனை' என்ற தாளைக் கொடுக்கிறார்கள்.