ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மலேசிய அரசாங்கக் கிளினிக்கில் பதின்ம வயதுப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளை வாயே திறப்பதில்லை, சின்னச் சொல்லுக்கும் எரிந்து விழுகிறது, விடிய விடிய முழித்திருந்து பகலில் தூங்குகிறது என்றால் நம் வீடுகளில் வழக்கமாக இரண்டே தீர்ப்பு: ‘வயசுக் கோளாறு’, இல்லையென்றால் ‘கண்ணு பட்டிருக்கு’. அந்த வயதில் மனம் ஏறி இறங்குவது இயல்புதான். இயல்பு எது, கவனிக்க வேண்டியது எது என்று பிரிக்க டாக்டர்கள் பார்ப்பது இரண்டு வாரக் கணக்கு. அவ்வளவு நாளும் கிட்டத்தட்ட தினமும் இப்படியே இருந்து, படிப்பும் சாப்பாடும் தூக்கமும் குலைந்தால் ஒருமுறை காட்டிவிட வேண்டும். பெரியவர்களின் மனச்சோர்வு அழுகையாகத் தெரியும். இந்த வயதில் அது பல நேரம் எரிச்சலாகத்தான் வெளிவரும். நாம் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு கை ஓங்குகிறோம். 2022-ல் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. இது ‘யாரோ வீட்டுப் பிள்ளை’ விஷயம் இல்லை.

முதலில் போக வேண்டிய இடம் பெரிய ஆஸ்பத்திரி அல்ல, உங்கள் வட்டாரத்து அரசாங்கக் கிளினிக். செந்தூலில் இருந்தாலும் பட்டர்வொர்த்தில் இருந்தாலும் முறை ஒன்றுதான். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி, மருந்தும் அதில் அடக்கம். பிள்ளையின் மைகார்டை, அதாவது அடையாள அட்டையை, எடுத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் எல்லார் காதிலும் விழும்படி கதை சொல்லத் தேவையில்லை. ‘சாரிங்கான் மிண்டா சிஹாட்’ என்றால் போதும், மனநலப் பரிசோதனைக்கு வந்திருக்கிறீர்கள் என்று அவர்களுக்குப் புரியும்.

உள்ளே வழக்கமாகக் கொடுப்பது ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம். கடந்த இரண்டு வாரத்தில் எதிலாவது ஆர்வம் இருந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி, உடம்பில் தெம்பு இருக்கிறதா, நம்மால் குடும்பத்துக்குக் கெட்ட பெயர் என்ற நினைப்பு வருகிறதா, பாடத்தில் மனம் நிற்கிறதா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் டாக்டர் உட்கார்த்தி விரிவாகப் பேசுவார். படிவம் மட்டும் நோயைச் சொல்லிவிடாது. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு ‘ஆம்’ என்று வந்தால் மற்ற எட்டிலும் பூஜ்யமாக இருந்தாலும் டாக்டர் விடமாட்டார். பிள்ளை படிவம் நிரப்பும்போது தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்காதீர்கள். அம்மா பார்க்கிறார் என்றால் எந்தப் பிள்ளை அந்தக் கட்டத்தில் உண்மையை எழுதும்?

பெற்றோர் கூடப் போக வேண்டுமா? மலேசியச் சட்டப்படி 18 வயதில்தான் ஒருவர் பெரியவர். அதற்குக் கீழே என்றால் சிகிச்சைக்கும் மருந்துக்கும் பொதுவாகப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் கேட்பார்கள். அதற்காக டாக்டரிடம் சொன்னதெல்லாம் வீட்டுக்கு வந்துவிடும் என்று பிள்ளை பயப்பட வேண்டாம். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம், டாக்டரே உங்களைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்வதும் உண்டு. அதைக் கௌரவப் பிரச்சினையாக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து, அடி, பாலியல் தொல்லை போன்றவற்றை மட்டும் அவர் மூடி வைக்க முடியாது.

தேவைப்பட்டால் நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். கோலாலம்பூர் ஆஸ்பத்திரியிலும் பினாங்கு ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு உண்டு. அரசாங்கக் கிளினிக் கடிதத்தோடு போகும் குடிமகனுக்கு நிபுணர் கட்டணம் 5 வெள்ளிக்கு மேல் போகாது. தனியார் டாக்டர் கடிதம் என்றால் முதல் முறை 30 வெள்ளி. இந்த வித்தியாசம் தெரியாமல் பலர் நேரே தனியாருக்கு ஓடுகிறார்கள். ஒரே குறை, அவசரமில்லாத கேஸுக்குத் தேதி கிடைக்கத் தாமதமாகலாம். இடையில் நிலைமை மோசமானால் தேதிக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பள்ளியிலும் ஒரு வழி இருக்கிறது. கவுன்சலிங் டீச்சரைப் பார்க்கப் பெற்றோரின் கையெழுத்து வேண்டாம், செலவும் இல்லை. ஆனால் பல பள்ளிகளில் அந்த அறை ‘தப்பு செய்தவன் போகும் இடம்’ என்றே பெயரெடுத்திருக்கிறது. டீச்சரும் கட்டொழுங்கு ஆசிரியரும் வேறு வேறு ஆட்கள் என்று பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

அப்புறம் போலீஸ் பயம். தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை என்று குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவு சொன்னது உண்மைதான். 2023-ல் நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது. இப்போது அது குற்றமில்லை. ‘கேஸாகிவிடும்’ என்று வீட்டிலேயே மறைத்து வைக்கக் காரணமே இல்லை. ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு டிக்கெட் எடுக்கட்டுமா’ என்று அங்குள்ள மனநல ஆஸ்பத்திரியை வைத்துச் செய்யும் நம்மூர்க் கிண்டலையும் விட்டுத்தொலைக்கலாம். இந்த வயதில் சிகிச்சைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே வந்து போகிறவர்கள்.

தனியாரிடம்தான் போவேன் என்றால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மனநலப் பரிசோதனை, ஆலோசனைச் செலவுக்கு, பிள்ளைக்கானதும் சேர்த்து, 1,000 வெள்ளி வரை வருமான வரி விலக்கு உண்டு. ஆனால் அந்த ஆலோசகர் 1998 ஆலோசகர் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். முகநூலில் ‘லைஃப் கோச்’ என்று போட்டுக்கொண்டவரின் ரசீது செல்லாது.

வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத பிள்ளைக்குப் போன் இருக்கிறது. 15555 சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ எண், 2022-ல் தொடங்கியது. வீட்டிலேயே அடி உதை என்றால் 15999, ‘தாலியான் காசே’ என்ற அரசாங்க உதவி எண். நடுராத்திரியில் மனம் தாங்கவில்லை என்றால் பிஃப்ரெண்டர்ஸ் என்ற உதவி அமைப்பு, 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள், பெயரைச் சொல்லத் தேவையில்லை. தமிழில் பேச ஆள் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். அந்த நேரத்தில் யார் பணியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது.