பதினோரு மணிக்கு ஆளில்லாத அறை

கடலூரில் காலை எட்டரை மணிக்குப் பஸ் ஏறி, புதுச்சேரி அலுவலகத்தில் பதினோரு மணிக் கூட்டத்துக்குப் போய் நின்றேன். அறையில் மின்விசிறிகூட ஓடவில்லை. கூட்டத்தை முந்தின நாள் மாலையே நான்கு மணிக்குத் தள்ளிவிட்டார்களாம். குழுவின் பொதுக் காலண்டரில் புது நேரம், என் செல்போனில் பழைய நேரம்.

தவறு என்னுடையதுதான். மாதத் தொடக்கத்தில் பொதுக் காலண்டரைக் கோப்பாக இறக்கி என் சொந்தக் காலண்டரில் ஏற்றியிருந்தேன். இணைத்துவிட்டதாக நினைப்பு; செய்தது ஜெராக்ஸ். மூலப் பத்திரத்தில் திருத்தினால் வீட்டில் இருக்கும் ஜெராக்ஸ் தானாகத் திருந்துமா?

அதைவிட மேலானது சந்தா. காலண்டரின் முகவரியைக் கொடுத்துவிட்டால், நம் காலண்டர் சேவை அவ்வப்போது அங்கே போய்க் கோப்பைப் புதிதாக வாங்கி வரும். இந்த ‘அவ்வப்போது’ சில சேவைகளில் பல மணி நேரம். போதாக்குறைக்கு இது ஒருவழிப் பாதை. நாம் இங்கே திருத்தியது அங்கே போகாது. விடுமுறைப் பட்டியலுக்கு இது தாராளம். நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள், இங்கே விடுமுறை. கடலூரில் இருக்கும் என் வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்று பள்ளி உண்டு. இப்படிப்பட்ட செய்தி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் குடி முழுகாது.

உண்மையான ஒத்திசைவு வேறு வகை. காலண்டர்கள் தங்களுக்குள் நிகழ்வுகளைப் பரிமாறிக்கொள்ளும் பொது விதிமுறை ஐகேலண்டர். 1998-இல் வந்து 2009-இல் திருத்தப்பட்ட இந்தத் தரத்தின்படி ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. தலைப்பு, நேரம், இடம் மூன்றும் மாறினாலும் அந்தக் குறி மாறாது. கூடவே ஒரு திருத்த எண். முதலில் 0, நேரத்தை மாற்றியதும் 1. அதே குறியோடு புதிய அழைப்பு வந்தால் காலண்டர் இன்னொரு கூட்டத்தைச் சேர்க்காது, எண்ணைப் பார்க்கும். பெரிய எண் என்றால் பழையதன்மேல் எழுதும். வழியில் சிக்கித் தாமதமாக வந்த பழைய அழைப்பு என்றால் ஒதுக்கிவிடும்.

செல்போன் ஒவ்வொரு முறையும் முழுக் காலண்டரையும் கேட்பதில்லை. சென்ற முறை எதுவரை வாங்கினோம் என்பதற்கு அடையாளமாகச் சர்வர் கொடுத்த டோக்கனைக் காட்டி, “இதற்குப் பிறகு என்ன மாறியது?” என்று மட்டும் கேட்கும். இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் நீக்கம்தான். அழிந்துபோன நிகழ்வு தான் அழிந்ததை எப்படிச் சொல்லும்? அதனால் நிகழ்வு போனாலும் ‘இந்தக் குறி நீக்கப்பட்டது’ என்ற தடத்தைச் சர்வர் கொஞ்ச காலம் வைத்திருக்கும். செல்போன் நெடுநாள் அணைந்து கிடந்து டோக்கன் காலாவதியானால், எல்லாவற்றையும் முதலிலிருந்து வாங்க வேண்டியதுதான்.

இத்தனையும் சரியாக நடந்தாலும் நேர மண்டலம் ஒன்று பாக்கி. வாரந்தோறும் பாரிஸ் குழுவோடு எங்களுக்கு ஒரு கூட்டம், அவர்கள் கணக்கில் காலை 10 மணி. நிகழ்வோடு ‘பாரிஸ் நேரம்’ என்ற குறிப்பும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுகிறார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால் இழுக்கிறார்கள். நாம் அசைவதில்லை. ஆகவே குளிர்காலத்தில் மதியம் 2.30-க்கு வரும் கூட்டம், கோடையில் 1.30-க்கு வந்துவிடுகிறது. இந்திய நேரத்தில் பதிந்திருந்தால் அலைக்கழிப்பு அவர்களுக்கு. பதிந்தவர் பாரிஸ்காரர், ஏப்ரல் பிறந்தால் நாங்கள் ஒன்றே காலுக்குள் சாப்பிட்டுக் கை கழுவியாக வேண்டும்.