இன்க்ளூசிவ் டாய்லெட்டுக்குத் தமிழ்ல என்ன சொல்றது?

நான் சிவில் எஸ்டிமேட் போடுற வேலைல இருக்கேன். இப்பல்லாம் கைக்கு வர்ற பொதுக் கட்டட ட்ராயிங் பலதுல ‘இன்க்ளூசிவ் டாய்லெட்’, ‘ஃபேமிலி ரெஸ்ட்ரூம்’னு ஒரு கட்டம் இருக்கு, அதாவது வீல்சேர்ல வர்றவங்க, துணையோட வர்றவங்க எல்லாரும் போக முடியிற மாதிரி ஒரு டாய்லெட். அதுக்குத் தமிழ்ல போர்டு எழுதணும்னு வரும்போதுதான் எல்லாரும் முழிக்கிறாங்க, ஒருத்தர் ‘உள்ளடக்கிய கழிப்பறை’ங்கிறார், இன்னொருத்தர் ‘சிறப்புக் கழிப்பறை’ங்கிறார், கடைசில ஒரு வீல்சேர் படத்த ஒட்டிட்டு வேலைய முடிச்சிடுறாங்க. இந்தச் சொல்லப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு, ஏன்னா சொல்லு தப்பாப் போனா எஸ்டிமேட்டும் தப்பாப் போகுது, அத நான் கண்ணால பாத்திருக்கேன்.

மொதல்ல டாய்லெட். இது பிரெஞ்சுச் சொல்லு, ‘துவால்’னா துணி, ‘துவாலெட்’னா சின்னத் துணி. அலங்காரம் பண்ற மேசை மேல விரிக்கிற துணிக்கு வந்த பேரு அப்புறம் அந்த மேசைக்கு ஆச்சு, அலங்காரம் பண்றதுக்கே ஆச்சு, அப்படியே அந்த ரூமுக்குப் போயி, கடைசில இப்ப இருக்கிற அர்த்தத்துல நின்னுடுச்சு. சில பழைய ஹோட்டல்ல ‘ஒப்பனை அறை’ன்னு போர்டு பாத்திருப்பீங்க, அதுவும் இதே வழியில வந்த பேருதான். ரெஸ்ட்ரூம் அமெரிக்கா பக்கத்து வழக்கு. யாரும் அங்க போயி ரெஸ்ட் எடுக்கிறதில்ல, ஆனா சபையில சொல்லக் கூச்சமா இருக்கிறத வேற வார்த்தையில மூடிச் சொல்றது எல்லா ஊர்லயும் உண்டு. நம்ம இலக்கணத்துல அதுக்குப் பேரே இருக்கு, இடக்கரடக்கல். ஸ்கூல்ல ‘கால் கழுவி வந்தான்’னு உதாரணம் சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருக்கும். எங்க பாட்டி ‘கொல்லைக்குப் போயிட்டு வரேன்’னுதான் சொல்லும், வீட்டுக்குள்ளயே டாய்லெட் கட்டின பிறகும் அதுக்கு அது கொல்லைதான்.

கக்கூஸ்னு சொன்னா தமிழ்ல ஏதோ கெட்ட வார்த்தைன்னு பல பேரு நெனைக்கிறாங்க. அது டச்சுச் சொல்லு. ‘காக்’னா மலம், ‘ஹெய்ஸ்’னா வீடு, ரெண்டும் சேந்து நம்ம வாயில கக்கூஸ் ஆயிடுச்சு. 1658-ல நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் ரெண்டுமே டச்சுக்காரங்க கைக்குப் போச்சு, அவங்க ஆண்ட இந்தோனேசியாவுலயும் இன்னைக்கு வரைக்கும் ‘காக்குஸ்’னு சொல் இருக்கு. ஆனா நம்ம ஊர்ல இந்தச் சொல்லோட ‘எடுப்பு’ன்னு ஒண்ணு ஒட்டிக்கிச்சு பாருங்க, எடுப்பு கக்கூஸ். மலத்தக் கையால அள்ளுறதுக்குன்னு சில சாதி ஜனங்களத் தலைமுறை தலைமுறையா நிறுத்தி வெச்ச கொடுமை அந்த ஒத்த வார்த்தைக்குள்ள இருக்கு. அதனாலதான் அந்தச் சொல்ல போர்டுல எழுதணும்னு எனக்குத் தோணல, ஆனா அது எங்கேருந்து வந்துச்சுன்னு மறக்கவும் கூடாது.

இலங்கைத் தமிழ்ல மலசலகூடம், அங்க போர்டுலயும் பேச்சுலயும் அதுதான். இங்க கழிப்பறை, கழிவறைன்னு ரெண்டு ஓடிட்டிருக்கு. ‘கழி’ங்கிற வேர் ரெண்டு பக்கமும் போகும், தானாப் போனா கழியுது, நாம போக்கினா கழிக்கிறோம், கணக்குல வர்ற கழித்தலும் இதே வேர்தான். கழிவு + அறை கழிவறை, அதாவது கழிவு இருக்கிற ரூம். கழிப்பு + அறை கழிப்பறை, ஒரு ஆள் ஒரு காரியம் செய்யிற ரூம். ரெண்டையும் தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா நான் கழிப்பறைன்னுதான் எழுதுவேன், ஏன்னா அந்தச் சொல்லுக்குள்ள ஒரு மனுஷன் இருக்கான். கழிவறையில கழிவு மட்டுந்தான் இருக்கு.

இப்ப இன்க்ளூசிவ். லத்தீன்ல ‘க்ளௌதெரே’ன்னா மூடுறது, அதோட ‘இன்’ சேந்து உள்ள வெச்சு மூடுறதுங்கிற அர்த்தத்துல பொறந்த சொல்லு, இப்ப யாரையும் ஒதுக்காம எல்லாரையும் சேத்துக்கிறதுங்கிற எடத்துக்கு வந்திருக்கு. ‘உள்ளடக்கிய’ன்னு நாம போடுறது அகராதிக்குச் சரி, ஆனா பஸ் ஸ்டாண்டுல நிக்கிற பாட்டிக்கு அது ஒண்ணும் சொல்லாது. ‘சிறப்பு’ன்னு போட்டா இன்னும் மோசம், இது யாருக்கோ உள்ளதுன்னு ஆயிடும், பூட்டும் வந்துடும். நான் சொல்ற சொல்லு ‘அனைவருக்குமான கழிப்பறை’, போர்டுல எடம் கம்மின்னா ‘எல்லாருக்கும்’னு ஒரே வார்த்தை போதும். ஃபேமிலி ரெஸ்ட்ரூமுக்கு ‘குடும்பக் கழிப்பறை’. துணைக்கு ஒருத்தர் கூட வரலாம், மனைவியோட புருஷன் வரலாம், அம்மாவோட மகன் வரலாம், அதுதான் விஷயம்.

சிறப்புன்னு போட்டா பூட்டு வரும்னு சும்மா சொல்லல. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தப்புறம் ஒரு தடவை ஒரு அரசு ஆபீசுக்குக் கையெழுத்துக்காகக் கூட்டிட்டுப் போனேன். மாற்றுத்திறனாளி கழிப்பறைன்னு போர்டு இருந்துச்சு, பூட்டியிருந்துச்சு, சாவி யாருகிட்டன்னு மூணு பேரக் கேட்டு வாங்கித் தொறந்தா உள்ள தொடப்பமும் ஃபினாயில் கேனும் ஒடஞ்ச நாற்காலியும். கதவு உள் பக்கமாத் தொறக்குது, வீல்சேர் உள்ள போனா கதவச் சாத்த முடியல. நான் முதுகக் காட்டி வாசல்ல நின்னு மறைச்சேன், அம்மா உள்ளேருந்து ‘யாராச்சும் வராங்களாடா’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அந்தக் கதவ வெளிப்பக்கமாத் தொறக்கிற மாதிரி மாட்டியிருந்தா பைசா கூட ஆயிருக்காது, அதே கதவு, அதே கீல்.

செலவுக்கு வரேன். மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு வழிகாட்டியில உள்ளளவு குறைஞ்சது 2.2 மீட்டருக்கு 2 மீட்டர், அதாவது 47 சதுரடி, கதவுத் தெறப்பு 90 சென்டிமீட்டர். சாதாரணமா நாம போடுற சின்ன டாய்லெட் 90-க்கு 120 சென்டிமீட்டர், 12 சதுரடி. சதுரடிக்கு 2,500 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்கிட்டா சின்னது 30,000, பெரிசு 1,17,500. நாலு மடங்குன்னு கேட்டதும் ஆபீசர்லேருந்து கான்ட்ராக்டர் வரைக்கும் ‘இதக் கட் பண்ணிடலாமா’ம்பாங்க. ஆனா மொத்தக் கட்டடத்துல கூடுறது 35 சதுரடி, ஒரு ஆபீஸ் ரூம்ல மேசை நாற்காலி போடுற எடம். சுவத்துல மாட்டுற கைப்பிடிக் கம்பியும், கீழ விழுந்தாலும் எட்டுற உசரத்துல ஒரு அலாரம் ஸ்விட்ச்சும், தொட்டில் மாதிரி மடக்கி விரிக்கிற டயப்பர் மாத்துற பலகையும் சேத்தாலும் வாசல்ல நாம பதிக்கிற கிரானைட்டோட செலவு பக்கத்துல அது பெரிசே இல்ல.

பணம் நெசமா எங்க போகுதுன்னா பழைய கட்டடத்துல. புதுசாக் கட்டும்போது டாய்லெட் ஸ்லாப கீழ எறக்கிப் போட்டு குழாயெல்லாம் அதுக்குள்ள ஓட விட்டா தரை சமமா வந்துடும், வாசல்ல படி இருக்காது, தனிச் செலவு கெடையாது. கட்டி முடிச்சதுல இதச் செய்யணும்னா டைல்ஸ ஒடைக்கணும், பழைய கோட்டிங்கச் சொரண்டித் திரும்ப வாட்டர்ப்ரூஃபிங் பண்ணணும், ட்ரைனேஜ் லைன மாத்தணும், கீழ் ஃப்ளோர்ல இருக்கிறவங்களுக்கு ஒழுகாம பாத்துக்கணும். சாய்தளமும் அப்படித்தான், 1-க்கு 12 கணக்கு, மூணு படி ஏற வேண்டிய ஒண்ணரை அடி உசரத்துக்கு 18 அடி நீளம் வேணும், சுவர் ஒட்டிக் கட்டின கட்டடத்துல அந்த 18 அடிய எங்கேருந்து கொண்டு வர்றது? ட்ராயிங் போடுற அன்னைக்கு ஒருத்தர் கேட்டிருந்தா பேப்பர்ல ஒரு கோடு, அவ்வளவுதான்.

சட்டம் இல்லாம இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விதிகள் வந்ததுலேருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள, ஏற்கனவே இருக்கிற பொதுக் கட்டடமெல்லாம் சரி பண்ணியாகணும்னு சொல்லுது, விதிகள் வந்தது 2017-ல. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு அந்த விதிகள்ல 15(1) விதிய, வெறும் பரிந்துரை மாதிரி இருக்கு, சட்டத்துக்கே முரண்னு தள்ளிட்டு, கட்டாய விதி கொண்டு வரச் சொல்லுச்சு. அதுக்கு அடுத்து 2025 ஜனவரி 15 தீர்ப்பு எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. அசாம் வக்கீல் ராஜீப் கலிதா போட்ட வழக்கு, நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் நாட்டுல இருக்கிற எல்லாக் கோர்ட்டு வளாகத்துலயும் ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர் எல்லாருக்கும் கழிப்பறை இருந்தாகணும்னு சொன்னாங்க. அதுல கட்டுறதுக்கு மட்டுமில்ல, பராமரிக்கவும் சுத்தம் பண்ணவும் மாநில அரசு பணம் ஒதுக்கணும்னு எழுதியிருக்காங்க. எஸ்டிமேட் போடுறவனுக்கு அந்த வரி எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லி மாளாது. கட்டுறது ஒரு தடவை, கழுவுறது தினம் தினம், அந்த ஆளுக்குச் சம்பளம் போடாததாலதான் கதவுல பூட்டுத் தொங்குது. அந்தச் சம்பளமும் கௌரவமான சம்பளமா, கையுறை, பூட்ஸோட இருக்கணும், எடுப்பு கக்கூஸ் காலத்த வேற பேர்ல ஓட்டக்கூடாது.

குழந்தை வெச்சிருக்கிறவங்க பாடு தனி. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுல 2015-லேருந்து தாய்மார்கள் பாலூட்டும் அறை இருக்கு, நல்ல விஷயம், ஆனா அப்பா ஒருத்தர் அஞ்சு வயசுப் பொண்ணக் கூட்டிட்டு வந்தா எந்தப் பக்கம் போவாரு? டயப்பர் பலகை எங்கயாச்சும் இருந்தாலும் அது லேடீஸ் பக்கந்தான். அமெரிக்காவுல 2016-ல மத்திய அரசுப் பொதுக் கட்டடங்கள்ல ஆண்கள் பக்கமும் அது இருக்கணும்னு சட்டமே போட்டாங்க. இங்கிலாந்துல பெரியவங்களுக்கு டயப்பர் மாத்துறதுக்குன்னே படுக்கைப் பலகையும் தூக்கி வைக்கிற மெஷினும் உள்ள 12 சதுர மீட்டர் ரூம், 2021-லேருந்து பெரிய புதுப் பொதுக் கட்டடத்துல கட்டாயம், பழைய கட்டடத்துல போட அரசே 3 கோடி பவுண்டு ஒதுக்குச்சு. எங்கம்மா மாதிரி ஆளுங்களுக்கு அப்படி ஒரு ரூம் எங்க ஊர்ல எங்கயும் நான் பாத்ததில்ல.

முன்னெல்லாம் எஸ்டிமேட் ஷீட்ல ஆண்கள் கழிப்பறை, பெண்கள் கழிப்பறை போட்டு முடிச்சு, கடைசியா ‘கூடுதல் பணிகள்’ தலைப்புக்குக் கீழ ‘சிறப்புக் கழிப்பறை – 1’னு எழுதுவேன். பட்ஜெட் இடிச்சா மொதல்ல கோடு விழுறது அந்தத் தலைப்புலதான், எனக்குத் தெரிஞ்சே ரெண்டு கட்டடத்துல அப்படிப் போயிருக்கு. இப்ப கழிப்பறைத் தலைப்புக்குக் கீழ மொத வரியே ‘அனைவருக்குமான கழிப்பறை, 2.2 × 2.0, கதவு வெளிப்பக்கம்’. போன தடவை ஒரு ஆபீசர் அந்த வரியில பேனாவ வெச்சு ‘இது என்ன சார்’னாரு, சொன்னேன், பேனாவ எடுத்துட்டு அடுத்த வரிக்குப் போயிட்டாரு.