சப்டைட்டில்: தமிழில் என்ன சொல்லலாம்?

திரையில் ஒருவர் வேற்றுமொழியில் பேசும்போது, அந்தப் பேச்சின் பொருளை நமக்குத் தெரிந்த மொழியில் படத்தின் அடியில் காட்டும் எழுத்து, சப்டைட்டில். அகராதிக்கு இவ்வளவு போதும். அதைத் தமிழில் எழுதிப் பார்க்க உட்கார்ந்த எனக்குப் போதவில்லை. அப்படித்தான் இந்தச் சொல்லின் பின்னால் போனேன்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடிப் படம் பார்க்கிறோம். பத்துப் பதினைந்து பேர் வருவோம். வடக்கே ஏற்காடு மலை தெரியும். இருட்டியதும் மலைமேல் விளக்குகள் புள்ளி புள்ளியாகத் தெரிய ஆரம்பிக்கும்போது வெள்ளைத் துணியில் படத்தைப் போடுவோம். ஈரான், செனகல், ஜப்பான், போலந்து என்று ஊர் ஊராகப் போய்வருகிறோம். நம் ஊரில் பேசத் தயங்குகிற விஷயத்தை இன்னொரு ஊர்க்காரர் தைரியமாகப் படமாக்கியிருப்பதைப் பார்க்கும்போது வருகிற உணர்வு வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஒரு முறை பெரியப்பாவை அழைத்துப் போனேன். அம்மாபேட்டையில் ஐம்பது வருஷம் தறி ஓட்டியவர். அன்றைய படத்துக்கு ஆங்கிலத்தில்தான் சப்டைட்டில் இருந்தது. இருபது நிமிஷம் பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துவிட்டார். “அவங்க முகத்தைப் பார்த்தாலே ஏதோ கஷ்டம்னு தெரியுது தம்பி. என்ன கஷ்டம்னுதான் தெரியல” என்றார். அவர் படி இறங்கிப் போனதைப் பார்த்தபோதுதான், இந்தக் கீழ்வரிகள் யாருக்குக் கதவைத் திறக்கின்றன, யாருக்குச் சாத்துகின்றன என்று முதல் தடவையாக யோசித்தேன். தமிழில் எழுதுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘சப்’ என்பது லத்தீன் முன்னொட்டு; கீழே என்று பொருள். ‘டைட்டில்’ என்பதன் வேர் ‘திதுலுஸ்’ என்ற லத்தீன் சொல். ஒரு பொருளின் மேலோ கல்லின் மேலோ எழுதி வைக்கும் பெயர்ப்பொறிப்புக்கு அந்தப் பெயர். அதிலிருந்துதான் புத்தகத் தலைப்பு, பட்டப்பெயர் எல்லாம் வந்தன. ஆங்கிலத்தில் சப்டைட்டில் என்ற சொல் சினிமாவுக்கு முன்பே இருந்தது. புத்தகத்தின் பெரிய தலைப்புக்குக் கீழே சின்னதாக இன்னொரு தலைப்பு போடுகிறார்களே, அதைத்தான் குறித்தது.

மௌனப்பட காலத்தில் இந்தச் சொல் திரைக்கு வந்தது. படத்தில் வரும் எழுத்து எல்லாமே அப்போது ‘டைட்டில்’தான். தொடக்கத்தில் படத்தின் பெயரைக் காட்டுவது முதன்மை டைட்டில். நடுவே காட்சியை நிறுத்தி, கறுப்புப் பின்னணியில் “அடுத்த நாள் காலை” என்றோ, நாயகன் பேசிய ஒரு வரியையோ காட்டும் அட்டைகள் அதற்கு அடுத்த நிலை. அதனால் அவை சப்டைட்டில். கவனியுங்கள், அந்த அட்டை திரை முழுவதையும் அடைத்து நின்றது. படத்தின் அடியில் எதுவும் ஓடவில்லை. ‘சப்’ என்பது அன்று தரவரிசையைச் சொன்னதே தவிர, இடத்தைச் சொல்லவில்லை.

1927இல் படம் பேசத் தொடங்கியது. அதோடு புதுச் சிக்கலும் வந்தது. மௌனப்படத்துக்கு அட்டையை மட்டும் மாற்றி ஒட்டினால் எந்த நாட்டிலும் ஓட்டலாம். பேசும் படத்தில் நடிகரின் வாயை என்ன செய்வது? அமெரிக்காவின் முதல் பேசும் படமாகப் புகழ்பெற்ற ‘தி ஜாஸ் சிங்கர்’ 1929இல் பாரிசில் திரையிடப்பட்டபோது, பிரெஞ்சு வரிகளை ஓடும் காட்சியின் மீதே காட்டினார்கள். பழைய அட்டையின் பெயர் அப்படியே இந்தப் புது வரிக்கு ஒட்டிக்கொண்டது. எழுத்து அடியில் போனதால் ‘சப்’ என்பதும் தற்செயலாகப் பொருந்திப்போனது. பிறகு பல காலம் ஒவ்வொரு பிரதியிலும் படச்சுருளின் மேற்பூச்சை எழுத்தின் வடிவில் அரித்தெடுத்தே வரிகளைப் பதித்தார்கள். அரித்த இடத்தின் வழியே விளக்கொளி நேராகத் திரையில் விழும், எழுத்து வெள்ளையாகத் தெரியும். பனியோ வெள்ளை வேட்டியோ பின்னால் வந்தால் எழுத்து அதில் கரைந்துபோகும்.

இந்தக் கதை தெரிந்தபின், தமிழில் சிலர் எழுதும் ‘துணைத்தலைப்பு’ ஏன் உறுத்துகிறது என்று விளங்கியது. அது புத்தகத்துக்குச் சரியான சொல். ஆனால் ஒரு தாய் மகனைப் பார்த்து அழுதுகொண்டே சொல்லும் வார்த்தை எதற்குத் தலைப்பு? மௌனப்பட அட்டையின் பெயரை அந்த அட்டை மறைந்து இத்தனை வருஷம் கழித்து நாம் எழுத்துக்கு எழுத்து பெயர்த்துக்கொண்டிருக்கிறோம். எல்லா மொழிகளும் அப்படிச் செய்யவில்லை. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ‘கீழ்த்தலைப்பு’ என்ற பொருளில்தான் சொல் இருக்கிறது. ஆனால் ஜப்பானியர்கள் ‘ஜிமாகு’ என்கிறார்கள். ‘ஜி’ என்றால் எழுத்து, ‘மாகு’ என்றால் திரைச்சீலை. எழுத்துத் திரை! எதைப் பார்த்தார்களோ அதற்குப் பெயர் வைத்தார்கள். நாமும் வைக்கலாம்.

‘வசன வரி’ என்பது இன்னொரு வழக்கு. இது பரவாயில்லை, யாருக்கும் உடனே புரியும். ஆனால் நம் சினிமாவில் வசனம் என்றால் எழுத்தாளர் எழுதி நடிகர் பேசுவது. 1950இல் நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘மந்திரி குமாரி’யில் கருணாநிதியின் வசனத்துக்காகவே கொட்டகை நிறைந்த காலத்திலிருந்து அந்தச் சொல்லுக்குத் தனி மிடுக்கு. சப்டைட்டில் வசனத்தின் நகல் இல்லை, அதன் பொருள். (அந்தப் படத்தை இயக்கியதில் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கருக்கும் பங்கு உண்டு. தமிழ் தெரியாமலே தமிழ்ப்படம் எடுத்தவர். 1938இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ உருவானதும் இதே மாடர்ன் தியேட்டர்ஸில்தான். ஏற்காடு போகும் சாலையில் எஞ்சி நிற்கும் அந்த நுழைவு வளைவைக் கடக்கும்போதெல்லாம், உலக சினிமா எங்கள் ஊருக்குப் புதிதாக வந்த விருந்தாளி இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.)

‘உரைத்துணை’ என்றும் எழுதுகிறார்கள். இதில் ‘உரை’ என்ற சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. தமிழில் உரை என்றால் பேச்சு. உரைத்தான், உரையாடினான் என்கிறோம். அதே உரை என்றால் விளக்கமும்தான். திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரை, பத்துப்பாட்டுக்கு நச்சினார்க்கினியர் உரை. ஒருவர் சொன்னதும் உரை, அதன் பொருளை இன்னொருவர் எடுத்துச் சொல்வதும் உரை. சப்டைட்டிலும் இந்த இரண்டும்தானே? இதைவிடப் பொருத்தமான வேரை எங்கே போய்த் தேடுவது!

நம் உரையாசிரியர்கள் இதில் வகையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பொருள் சொன்னால் பதவுரை. செய்யுளின் பொருளைத் திரட்டிச் சொன்னால் பொழிப்புரை. சப்டைட்டில் எழுதுகிறவர் எழுதவேண்டியது பொழிப்புரை. புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் பதவுரை எழுதித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்; நானும் மாட்டிக்கொண்டேன். திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் தாங்காது. நிறைந்த இரண்டு வரியைப் படிக்க ஏறக்குறைய ஆறு விநாடி வேண்டும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. நடிகர் அதற்குள் நாலு வாக்கியம் பேசியிருப்பார். பதவுரைக்கு அங்கே இடமே கிடையாது.

அதனால் நான் எடுத்துக்கொண்ட சொல் ‘அடியுரை’. அடியில் வரும் உரை. அடிக்குறிப்பு ஏற்கெனவே நமக்குப் பழகிய சொல், அதே வார்ப்பு. முன்னுரை, தெளிவுரை, பொழிப்புரை வரிசையில் கூச்சமில்லாமல் போய் நிற்கும். செய்யுளின் ஒரு வரிக்கும் ‘அடி’ என்றுதான் பெயர் என்பது கூடுதல் பொருத்தம். குறளின் ஈரடி மாதிரி இதுவும் இரண்டு அடிக்குள் முடிய வேண்டியது. பேச்சில் ‘சப்டைட்டில்’ போகப்போவதில்லை, போகவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. எழுதும்போது நமக்கென்று ஒரு சொல் இருக்கட்டும். காது கேளாதவர்களுக்காக “கதவு தட்டும் ஓசை”, “தூரத்தில் இடி” என்று ஒலிகளையும் சேர்த்து எழுதுவது தனி வகை. அதை ‘ஒலிக்குறிப்புடன் அடியுரை’ என்று சொல்லிவிடலாம்.

நான் முதலில் அடியுரை எழுதியது ‘மண்டாபி’ என்ற செனகல் படத்துக்கு. உஸ்மான் செம்பேன் 1968இல் எடுத்தது. பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பிறகு நாவலாசிரியர் ஆனவர். தன் மக்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது, தன் நாவல் அவர்களிடம் போய்ச் சேராது என்று உணர்ந்துதான் சினிமாவுக்கு வந்தார். முந்தைய படத்தைப் பிரெஞ்சில் எடுத்தவர், இதை மக்கள் பேசும் வொலோஃப் மொழியில் எடுத்தார்.

படத்தின் பெயரே ஒரு சொல் விளக்கம். பிரெஞ்சில் ‘மண்டா’ என்றால் மணியார்டர். அது வொலோஃப் நாக்கில் ‘மண்டாபி’ ஆயிற்று, ஆங்கில ‘மனி ஆர்டர்’ நம் நாக்கில் மணியார்டர் ஆனதுபோல. பாரிசில் தெருக்கூட்டும் சகோதரி மகன் இருபத்தைந்தாயிரம் ஃபிராங்க் மணியார்டர் அனுப்புகிறான். இப்ராஹிமா என்ற மனிதருக்கு அது வந்து சேர்கிறது. பணத்தை வாங்க அடையாள அட்டை கேட்கிறார்கள். அட்டைக்குப் பிறப்புச் சான்று கேட்கிறார்கள். போட்டோ கேட்கிறார்கள். பணம் கைக்கு வருவதற்குள் ஊரெல்லாம் கடன் கேட்டு வாசலில் நிற்கிறது. ஒரு காகிதத்துக்காக ஒரு மனிதனை எப்படி அலையவிடுவார்கள் என்பதை இவ்வளவு அருகில் நின்று காட்டிய படம் எனக்குத் தெரிந்து குறைவு.

அடியுரைக் கோப்பு பார்க்க எளிமையானது. ஓர் எண், எந்த விநாடியில் தோன்றி எந்த விநாடியில் மறைய வேண்டும் என்ற நேரம், கீழே ஒன்றோ இரண்டோ வரி. பிறகு ஒரு வெற்று வரி. அவ்வளவுதான். முதல் சோதனையில் யூனிகோடாகச் சேமிக்கத் தவறிவிட்டேன், துணி முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. அதைச் சரிசெய்வது சுலபம். தமிழின் நடைக்குப் பழகுவதுதான் கஷ்டம். ஆங்கிலத்தில் ஒன்பது சொல் எடுக்கும் ஒன்று, தமிழில் “தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேன்” என்று மூன்று சொல்லில் முடிகிறது. ஆனால் சொல் ஒவ்வொன்றும் நீளம். ‘மாட்டேன்’ கடைசியில் வருகிறது. இடம் போதாமல் வரியை இரண்டு தடவையாக உடைத்தால், முதல் பாதியில் “தெரிஞ்சிருந்தா வந்திருக்க” என்று பார்ப்பவர் அந்தரத்தில் நிற்பார். அதற்குள் நடிகரின் முகம் அடுத்த உணர்ச்சிக்குப் போயிருக்கும். வினை கடைசியில் வரும் மொழிக்கு வாக்கியத்தை உடைக்காமல் சுருக்குவதே வழி.

அப்புறம் உறவுச்சொல். ஆங்கில வரிகளில் எல்லோரும் ஒரே ‘யூ’. தமிழில் யார் யாரை நீ என்பார், யாரை நீங்க என்பார் என்று ஒவ்வொரு இடத்திலும் முடிவு செய்தாக வேண்டும். இப்ராஹிமாவுக்கு இரண்டு மனைவிகள். அவர்கள் அவரை அழைக்கும் இடங்களில் முதலில் “என்னங்க” என்று போட்டிருந்தேன். பிறகுதான் வொலோஃப் வழக்கம் ஒன்றைப் படித்தேன். அங்கே மனைவி கணவனை மரியாதையாக ‘நிஜாய்’ என்று அழைப்பதுண்டு. அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் தாய்மாமன். அன்றைக்கு இரவு கோப்பைத் திறந்து எல்லா “என்னங்க”வையும் “மாமா” என்று மாற்றினேன். ஆங்கிலத்தில் மாமா என்று பெயர்த்தால் படிப்பவர் குழம்புவார். தமிழில் ஒரு விளக்கமும் வேண்டாம். அம்மாபேட்டைக்கும் செனகலுக்கும் நடுவில் ஆங்கிலம் இல்லாமல் நேர்ச்சாலை ஒன்று இருக்கிறது என்று அப்போது தோன்றியது. திரையிட்ட அன்று அந்த வரி வந்ததும் பெரியம்மா, “அங்கேயும் மாமாதானா!” என்று பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெரியப்பாவும் வந்திருந்தார், ஏழாவது படிக்கும் பேத்தியோடு. தமிழ் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பார், வரியின் வேகம் அவருக்குக் கைகூடவில்லை. இரண்டாவது நிமிஷத்திலேயே பேத்தி அவர் காதோரம் படித்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மௌனப்பட காலத்துக் கொட்டகைகளில் அட்டை வந்ததும் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பாராம், மற்றவர்கள் கேட்பார்களாம். அது எங்கள் மாடியில் திரும்ப நடந்தது. படத்தில் ஓர் இடத்தில் இப்ராஹிமாவுக்கு வந்த கடிதத்தை, அவருக்குப் படிக்கத் தெரியாததால், எழுத்தர் ஒருவர் வாய்விட்டுப் படிக்கிறார். இப்ராஹிமா அசையாமல் கேட்கிறார். இந்தப் பக்கம் பேத்தி படிக்கிறாள், பெரியப்பா அசையாமல் கேட்கிறார். நான் அந்தக் காட்சியைப் பார்க்காமல் அவர்கள் இருவரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடையாள அட்டைக்காக இப்ராஹிமா திரும்பத் திரும்ப வரிசையில் நின்றபோது பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. முதியோர் உதவித்தொகைக்காக அவரும் ஒரு கையெழுத்துக்கு ஏழெட்டு மாதம் அலைந்தவர். படம் முடிந்து படியிறங்கும்போது, “அந்த மனுஷன் ஊர் பேர் இன்னொரு தடவை சொல்லு” என்றார். செனகல் என்றேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அன்று நீளமான சில வரிகளைப் பேத்தி படித்து முடிக்குமுன் அடுத்த வரி வந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுதும் அடியுரையை நான் மனதுக்குள் படித்துச் சரிபார்ப்பதில்லை. வாய்விட்டுப் படிக்கிறேன். மூச்சு வாங்காமல் முடிகிற வரியைத்தான் கோப்பில் வைக்கிறேன்.