தீபாவளிக்கு ஏறின வெயிட் ஏன் அப்புறம் இறங்க மாட்டேங்குது

ஆரம்பாக்கத்துல விடியறதுக்குள்ள ஷிப்ட் பஸ் வந்து நின்னுடும், ஏறினா ஆந்திரா பார்டர் தாண்டி தடா பக்கம் கம்பெனி, போறப்பவும் வர்றப்பவும் உக்காந்தேதான். ஐப்பசி மழை புடிச்சிட்டா சாயந்திரம் நடக்கிறதும் நின்னு போயிடும். சரியா அப்பதான் தீபாவளி அதிரசம் டப்பா டப்பாவா வரும், அது முடிஞ்சு கொஞ்ச நாள்ல நம்ம தெலுங்கு பிரண்ட்ஸ் சங்கராந்திக்கு அரிசெலுன்னு அதே அதிரசத்தை எடுத்துட்டு வருவாங்க, வேணாம்னு சொல்ல மனசு வராது.

இந்த சீசன்ல பொதுவா யாருக்கும் அஞ்சு கிலோ ஏறிடாது. 2000-ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல 195 பேரை பார்த்தாங்க, நவம்பர் நடுவுலேந்து ஜனவரி தொடக்கம் வரைக்கும் சராசரியா 0.37 கிலோதான் ஏறியிருந்துச்சு. ஆனா பண்டிகை முடிஞ்சு கோடை வந்தும் அது இறங்கல, வருஷா வருஷம் சேர்ந்தா பத்து வருஷத்துல பேன்ட் சைஸே மாறிடும். 1 கிலோ கொழுப்புக்கு சுமார் 7700 கலோரின்னு வச்சு கணக்கு போட்டா அந்த சீசன்ல ஏறின 0.37 கிலோ ஒரு நாளைக்கு 60, 70 கலோரி, அதாவது மூணு ஸ்பூன் சர்க்கரை. மழையா இருக்குன்னு கேன்டீன்ல ரெண்டு டீ கூட குடிச்சாலே வந்துடும். இவ்ளோ சின்ன அளவு கூடினா வயித்துக்கு தெரியறதே இல்ல, பசி குறையாது, அதான் சிக்கல்.

வயிறு சொல்லலேன்னா மெஷின்தான் சொல்லணும். இங்கிலாந்துல பர்மிங்காம்ல 272 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிய கிறிஸ்துமஸ் சீசன்ல வாரத்துக்கு ரெண்டு தடவையாவது வெயிட் பார்க்க சொன்னாங்க, எந்த பலகாரத்தோட கலோரி கரைய எவ்ளோ நடக்கணும்னும் சொல்லி குடுத்தாங்க. அந்த குரூப்புக்கு வெயிட் ஏறவே இல்ல, மத்தவங்களோட ஒப்பிட்டா கிட்டத்தட்ட அரை கிலோ வித்தியாசம், 2018-ல வெளியாச்சு.

கம்பெனி வெல்னஸ் புரோகிராம்னு ஜிம், போட்டி, பரிசுன்னு போறாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. யார் வெயிட்டையும் போர்டுல போட கூடாது, வெக்கப்பட்டு யாரும் ஏற மாட்டாங்க. லாக்கர் ரூம்ல ஒரு மறைவு, ஒரு மெஷின், அவங்கவங்க நோட்டு போதும். முறுக்கு தின்ன மறுநாள் முள்ளு எகிறினா பதறாதீங்க, உப்பு இழுத்து வச்ச தண்ணி அது, ரெண்டு மூணு நாள்ல போயிடும். கேன்டீன்ல டீயை சர்க்கரை போடாம குடுத்து சர்க்கரைய தனியா வச்சா இன்னும் நல்லது.

தீபாவளி வரைக்கும் காத்திருக்க வேணாம். ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வைக்கிறப்ப இந்த வெயிட் மெஷினுக்கும் ஒண்ணு வச்சுட்டு, பொரிகடலை வாங்கறதுக்கு முன்னாடி முதல் நம்பரை எழுதிடுங்க.